பழைய எழுத்தும் புதுப் பெட்டியும்

கடைசியில் நமது வீட்டிற்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. 2008-ல் வாங்கிய பழையதன் பொத்தானை அமுக்கிவிட்டு, அடுக்களைக்குப் போய்க் காபி அருந்தித் திரும்பினாலும் அது முனகிக் கொண்டேதான் இருக்கும். ‘வருகிற தீபாவளிக்குப் பார்க்கலாம்’ என்று ஐந்து தீபாவளிகளைக் கடத்திவிட்டேன். 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10 அமைப்புக்குரிய வழக்கமான பராமரிப்பு முடிவுற்றது. அதற்குப் பிந்திய அமைப்பைத் தாங்கும் திராணி நமது கிழ யந்திரத்துக்குக் கிடையாது. ஆகவே தூத்துக்குடிக்குச் சென்று வாங்கி வந்தோம். வீட்டில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள்.

சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது. பிறகு பழைய கோப்புகளைக் கொண்டு வந்து திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்துக்கள்! தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்தவை, பொருளற்றவை.

அவை என்ன கோப்புகள் என்று சொல்ல வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினிப் படை 1801-ல் தரைமட்டமாக்கிய கதை இந்தக் கரிசல் சீமையில் குழந்தைகளுக்கும் தெரியும். கட்டபொம்மன் கதையும் ஊமைத்துரை கதையும் நெடுங்காலம் ஜனங்களின் வாயில்தான் வாழ்ந்தன. 2009-ல் என் மாணவர்களை வீடு வீடாக அனுப்பி, பெரியவர்கள் பாடியவற்றை எழுதி வரச் செய்தேன். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தேன். பாடியவர்களில் அநேகர் இன்று இல்லை. நோட்டுப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது.

கோளாறு யந்திரத்தில் இல்லை. அக்காலத்தில் ஆங்கில எழுத்துக்குரிய எண்களின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை ஏற்றி வைத்தார்கள். உடுப்பு தமிழ், உள்ளே ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் உடுப்பு கழன்று விடுகிறது. போதாததற்கு ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழிணையம் 99’ மகாநாடு பொதுவான குறியீடுகளையும் விசைப் பலகையையும் வகுத்தது. ஆயினும் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. தமிழுக்கென்றே தனி எண்கள் தந்த ‘யூனிகோடு’ முறை 1991-லேயே பிறந்திருந்தும், தமிழக அரசாங்கம் அதை ஏற்று உத்தரவிட்டது 2010-ல்தான். நமது ஒற்றுமையின் லட்சணத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பழைய எழுத்துருவைப் புதுப் பெட்டியிலும் ஏற்றிப் படிக்கலாம், வாஸ்தவம். ஆனால் அந்தப் பாட்டை மற்றொருவருக்கு அனுப்பினால் அவர் வீட்டில் மறுபடியும் அதே அலங்கோலம். ஒரு சொல்லைத் தேடினாலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. 1998 பொங்கலன்று ஸ்விட்ஜர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ இதற்கு நல்ல உதாரணம். ‘மயிலை’ என்னும் எழுத்துருவில் ஆரம்பித்து, பிறகு வேறு குறியீட்டுக்கு மாறி, கடைசியில் யூனிகோடுக்கு வந்தார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள் செய்த வேலை அது.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ‘கொ’ என்பதை நாம் அச்சுக் கோப்பது போலக் கொம்பு, ககரம், கால் என்று அடித்திருப்போம். யூனிகோடில் ககரம் முதலில் வரவேண்டும். ஓரிடம் இடறினாலும் கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் ஏறிவிடும். ஜாக்ஸன் துரையின் பெயரை ஓரிடத்தில் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தேன். கருவி அதையும் தமிழென்று எண்ணி மாற்றியதில், துரை எந்தப் பாஷையிலும் சேராத பிராணியாகிவிட்டார். பரிதாபப்பட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இரவு ஏழரை மணிக்கு மேல் வீட்டில் இரண்டு யந்திரங்களும் அருகருகே ஓடுகின்றன. பழையதைப் பார்த்து மகள் வரிவரியாக வாசிக்கிறாள். புதியதில் நான் திருத்துகிறேன். ‘அப்பா, தாளம் தப்புகிறது, சொல் விட்டுப் போயிருக்கும்’ என்று அவள் சொன்ன இடத்தில் உண்மையாகவே ஒரு சொல் விட்டுப் போயிருந்தது.

பழைய பெட்டியைக் கழித்துக்கொள்ள வருவதாகக் கடைக்காரர் நேற்றுச் சொல்லி அனுப்பினார். இன்னும் நாற்பத்தொரு பாட்டுக்கள் பாக்கி. சித்திரை கழியட்டும் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.