பழைய கொலு பொம்மைக்கு பெயின்ட் அடிக்காதீங்க மக்களே!

நவராத்திரி முடிஞ்ச கையோட நம்ம உத்திரமேரூர் வாட்ஸ்அப் குரூப்புகள்ல பழைய கொலு செட் விலைக்கு வர ஆரம்பிச்சிடும். சென்னை ஃபிளாட்டுக்குக் குடிபோறவங்க பரணைக் காலி பண்றாங்க. தாராளமா வாங்குங்க. ஆனா வாங்கின மறுநாளே எனாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறவங்களைத்தான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஹாட் வீல்ஸ் காரைப் பேக்கெட் பிரிக்காம வைக்கத் தெரிஞ்ச நமக்கு, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் ஒருத்தர் கையால வரைஞ்ச கண்ணு மட்டும் ஏன் 'பழசா' தெரியுது? அந்தக் கண்ணும் புருவமும்தான் பொம்மையோட மதிப்பே. மேல ஒரு கோட் அடிச்சா போச்சு.

நம்ம மாவட்டத்து அத்திவரதரையே எடுத்துக்கோங்க. 2019-ல் 48 நாள் தரிசனம் முடிஞ்சதும், அந்த வருஷக் கொலுவில் அவர் பொம்மைதான் ஹிட். அடுத்து அவர் குளத்திலிருந்து எழுந்தருள்றது 2059-ல். அதுவரைக்கும் அந்த முகம் அப்படியே இருக்க வேண்டாமா?

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்க. காகிதக்கூழ் லேசா இருக்கும், பிளாஸ்டர் கனக்கும். கவிழ்த்து அடிப்பக்கமும் பாருங்க. மண் கோடு ஓடியிருந்தா கரையான், விட்டுடுங்க. காகிதக்கூழ் மேல ஈரத்துணி படவே கூடாது, காய்ஞ்ச பிரஷ் போதும். பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டினா ஐப்பசி மழைக்கு உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பாட்டியோட பழைய நூல் புடவையைக் கிழிச்சுச் சுத்துங்க (கேட்டுட்டுக் கிழிங்க!).

மூக்கு உடைஞ்சிருந்தா? அப்படியே இருக்கட்டும். விலையை மட்டும் குறைச்சுக் கேளுங்க.