தீயில் பிழைத்த பிள்ளைக்கும் கோடை லீவு உண்டு!

பரீட்சை முடிந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு. தெருவெங்கும் கிரிக்கெட். நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு, செஸ் வகுப்பு என்று சுவரெல்லாம் நோட்டீசு. பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளையை மட்டும் காணோம்.

கொதிக்கும் ரசம் மேலே கொட்டிய பிள்ளை. தீபாவளி அன்று புஸ்வாணம் முகத்தில் வெடித்த பிள்ளை. மொட்டை மாடியில் பந்து எடுக்கப்போய் மின்கம்பியில் கை பட்ட பிள்ளை. சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்த பிள்ளை.

அது எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறது.

பஸ்சில் ஒரு கேள்வி

தாயார் அந்தப் பிள்ளையை வெளியே அழைத்து வராமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே ஆகவேண்டும்! பஸ்சில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்ப்பார். மறுபடியும் பார்ப்பார். இரண்டு ஸ்டாப்பு தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்.

"ஐயோ பாவம்! என்னம்மா ஆச்சு பொண்ணுக்கு?"

"குழம்பு கொட்டிடுச்சுங்க."

"நீ எங்கே போயிருந்தே? கவனமா பாத்துக்க வேணாமா? பொம்பளப் புள்ளையாச்சே!"

கேட்டவர் கெட்டவர் அல்ல. இரக்கப்பட்டுத்தான் கேட்டார். ஆனால் அடுத்த தடவை அந்தத் தாயார், மகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவும் போட்டுத்தான் அழைத்து வருவார். அதுவும் சித்திரை வெயிலில்! அதற்கும் அடுத்த தடவை "நான் வரலேம்மா" என்று பிள்ளையே சொல்லிவிடும். பள்ளிக்கூடம் திறக்கும்போதும் அதே பேச்சுதான். "நான் போகலே."

தீ சுட்டது சில வினாடி. ஊரார் கண் சுடுவது தினமும்.

பிள்ளை வளரும், தழும்பு வளராது

புண் ஆறிவிட்டால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதுதான் இன்னொரு கதை ஆரம்பிக்கிறது.

ஆழமாக வெந்த இடத்தில் தழும்பு தடித்து எழும்பும். இறுகும். அரிக்கும். ராத்திரித் தூக்கம் கெடும். தழும்பை அமுக்கி வைப்பதற்காக உடம்போடு ஒட்டிய இறுக்கமான உடுப்பு கொடுப்பார்கள். குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரம் எல்லாம் அதைப் போட்டு இருக்கவேண்டும். மாதக் கணக்கில்! சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் பிள்ளைகளுக்கு உண்டு. பிள்ளை வளரும். தழும்பு அந்த அளவுக்கு வளர்ந்து கொடுக்காது. விரல் மடங்கியபடியே நின்றுவிடும். கழுத்து முன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. ஆகவே அஞ்சு வயசில் ஒரு ஆபரேஷன், எட்டு வயசில் ஒன்று, பன்னிரண்டு வயசில் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். "படிப்பு கெடவேண்டாம், லீவில் வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு லீவு என்றால் ஊர். இந்தப் பிள்ளைக்கு லீவு என்றால் வார்டு.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டைத் தெரியாதவர் இல்லை. வெளியூர்களில் இருந்தும் அங்கே தூக்கி வருகிறார்கள். டாக்டர்களும் நர்சுகளும் எமனோடு மல்லுக்கட்டி உயிரை மீட்டுக் கொடுக்கிறார்கள். சரி, உயிர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மறுபடியும் பிள்ளையாக ஓடி ஆடுவது எங்கே? அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வார்டு கிடையாது.

மலைப்பக்கம் ஒரு வாரம்

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். கொலராடோ மாநிலத்தில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று, தீக்காயம் பட்டுப் பிழைத்த பிள்ளைகளுக்காக 1983-ம் ஆண்டு முதல் ராக்கி மலைப் பக்கம் கோடை முகாம் நடத்தி வருகிறது. இப்போது அந்த நாட்டில் பல மாநிலங்களில் இப்படி முகாம்கள் நடக்கின்றன.

அங்கே என்ன செய்கிறார்கள்? குதிரை ஏறுகிறார்கள். மலை ஏறுகிறார்கள். நீச்சல் அடிக்கிறார்கள். ராத்திரியில் ஆட்டம், பாட்டம். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விசேஷம். அங்கே வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தழும்பு உண்டு!

அதுதான் மருந்து. வீட்டில் அண்ணன் தம்பி முன்னால்கூடச் சட்டையைக் கழற்றாத பையன், நீச்சல் குளத்துக்கு எதிரே நிற்கிறான். சுற்றிலும் பார்க்கிறான். ஒருவனுக்கு முதுகு, ஒருத்திக்குக் கழுத்து, இன்னொருவனுக்கு இரண்டு கையும். யாரும் யாரையும் வெறித்துப் பார்க்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? சட்டை கழன்று விழுகிறது. பையன் தண்ணீருக்குள் விழுகிறான்.

பந்து பிடிப்பதும் கயிறு ஏறுவதும் வெறும் விளையாட்டு அல்ல. "கையை நீட்டு, விரலை மடக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் வலிக்கிறது என்று அழும் பிள்ளை, பந்து வந்தால் தானாகக் கையை நீட்டும். இறுகிய தழும்புக்கு அதுவும் பயிற்சிதான்.

சின்ன வயசில் தீயில் வெந்து, இப்போது பெரியவர்களாகி வேலைக்குப் போகிறவர்களும் அந்த முகாம்களுக்குத் துணைக்கு வருகிறார்கள். "நமக்கும் இப்படி ஒரு வாழ்க்கை உண்டு" என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஆயிரம் புத்திமதி சொன்னாலும் இதற்கு ஈடு ஆகுமா?

தீயணைப்பு வீரர்களும் வருகிறார்கள். தங்கள் சங்கங்கள் மூலம் பணம் திரட்டிக் கொடுக்கிறார்கள். தங்கள் லீவைப் பிள்ளைகளோடு கழிக்கிறார்கள்.

இங்கே முடியாதா?

முடியும். ஒன்றிரண்டு தொண்டர்கள் எப்போதாவது ஒரு நாள் கூட்டம் போட்டு, பிஸ்கட் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் போதாது. வருஷா வருஷம், மே மாதம் வந்தால் முகாம் உண்டு என்று பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும்.

இடத்துக்கா பஞ்சம்? ஏலகிரி இருக்கிறது. ஏற்காடு இருக்கிறது. மலைப் பிரதேசமாகப் பார்ப்பது ஆடம்பரத்துக்காக அல்ல. ஆழமாக வெந்த தோலில் வியர்வை சரியாக வராது. உடம்புச் சூடு இறங்காது. புதுத் தழும்பில் வெயில் படவும் கூடாது. கத்திரி வெயிலில் சென்னையில் அந்தப் பிள்ளைகளை விளையாட விடமுடியாது.

முப்பது பிள்ளைகள். ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், பயிற்சி கொடுப்பவர் ஒருவர், பாட்டுச் சொல்லித்தர ஒரு வாத்தியார். ஒரு பஸ். ஒரு வாரம். இதற்கு கஜானா காலியாகிவிடாது.

தீயணைப்புத் துறையும் கை கொடுக்கலாம். 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் மாண்டார்கள். அவர்கள் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. ஒத்திகை காட்டுகிறார்கள். துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். நல்லதுதான். தீயில் இருந்து தூக்கி வந்த பிள்ளை பிறகு என்ன ஆனது என்று பார்ப்பதும் அந்த வாரத்துக்குப் பொருத்தமான காரியம் அல்லவா?

"தனியாக முகாம் போட்டால் அவர்களைப் பிரித்து வைத்தது போல ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வருஷம் பூராவும் வீட்டுக்குள் பிரிந்து கிடக்கிறதே, அதைவிடவா? ஏழு நாள் தன்னைப் போன்ற பிள்ளைகளோடு இருந்து தைரியம் பெற்றால், மிச்ச நாள் எல்லாரோடும் சேர்ந்து இருக்கலாம்.

சட்டமும் கவனிக்கவில்லை

மாற்றுத் திறனாளிகளுக்காக 2016-ம் ஆண்டு வந்த சட்டத்தில், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அது மிகவும் சரி. ஆனால் ரசம் கொட்டி முகம் வெந்த பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் தனிப் பெயர் இல்லை. கை கால் முடங்கி இருந்தால் உண்டு. முகம் மட்டும் என்றால் திண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை படும் பாட்டுக்கு சர்டிபிகேட் கிடையாது.

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் பலியானார்கள். வருஷந்தோறும் அந்த நாளில் விளக்கு ஏற்றுகிறார்கள். அந்தத் தீயில் காயம்பட்டுப் பிழைத்த பிள்ளைகளும் உண்டு. மாண்டவர்களுக்கு விளக்கு ஏற்றும் ஊர், பிழைத்தவர்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவேண்டும்.

இன்றே செய்யலாம்

அரசாங்கம் செய்யவேண்டியது ஒரு புறம் இருக்கட்டும். பள்ளிக்கூடங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீக்காயம் பட்ட பிள்ளை திரும்பி வருவதற்கு முதல் நாளே வகுப்பில் வாத்தியார் சொல்லிவிடலாம். "நாளைக்கு உங்க சிநேகிதி வர்றா. முகத்துல தழும்பு இருக்கும். அது ஒட்டிக்காது. அவ அதே பொண்ணுதான். பக்கத்துல உக்கார வச்சுக்குங்க." வெளிநாடுகளில் ஆஸ்பத்திரி நர்சே வகுப்புக்கு வந்து இதைச் சொல்கிறார். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

பஸ்சில் போகிறவர்களும் செய்யலாம். இன்று சாயங்காலமே அந்தத் தாயாரும் மகளும் பக்கத்து சீட்டில் வந்து உட்காரலாம். "என்ன ஆச்சு?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளை ஆயிரம் தடவை கேட்டுவிட்டது.

"உன் பேரு என்னம்மா? எத்தனாவது படிக்கிறே?"

மற்ற பிள்ளைகளிடம் கேட்பது இதைத்தானே? அந்தப் பிள்ளையிடமும் அதையே கேட்டால் போதும்.