ஒயரை எங்க கையிலயும் கொடுங்க!



மின்சாரமும் காந்தமும் பாடம் வந்தால் வகுப்பில் என்ன நடக்கும்? மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்போம். ஒயரையும் பேட்டரியையும் பிடிப்பது பையன்கள். பெண்களிடம், "நீங்க நோட்டுல எழுதிக்குங்கம்மா" என்று சொல்லிவிடுவார்கள். இது சரியில்லை என்பதே என் கருத்து. இந்தப் பாடம் எழுதினால் மனப்பாடம் ஆகும். செய்தால்தான் புரியும்.

"மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும்." இதை நாம் எல்லோருமே ஒப்பிப்போம். அப்படின்னா என்னன்னு கேட்டால் முழிப்போம். 1820-ல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஓயர்ஸ்டெட், கரண்டு போகும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அதே ஊசி நம் கண் முன்னாடி திரும்ப, ஒரு டார்ச் பேட்டரியும் ஒரு முழம் கம்பியும் போதும்.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு பெரிய இரும்பு ஆணி. மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சமாகும் செம்புக் கம்பி. ஆணியில் நெருக்கமாக 50 சுற்று சுற்றுங்கள். இரண்டு முனையிலும் உள்ள பூச்சை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியில் வையுங்கள். ஆணி குண்டூசியைத் தூக்கும்! கம்பியை எடுத்தால் குண்டூசி உதிரும். மின்சார மணி அடிப்பதும் இந்த வித்தையால்தான்.

கரண்டு காந்தத்தைத் தரும் என்றால், காந்தம் கரண்டைத் தருமா? தரும் என்று 1831-ல் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. ஆனால் கம்பிச்சுருளும் காந்தமும் சும்மா இருந்தால் வராது, ஏதாவது ஒன்று அசைய வேண்டும். சைக்கிள் டைனமோவைப் பாருங்கள். மிதித்தால் விளக்கு எரியும், நின்றால் அணையும். மேட்டூரில் தண்ணீர் சுற்றுவதும், முப்பந்தலில் காற்றாடி சுற்றுவதும் இதற்குத்தான்.

ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகப் போனார். அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனார். அதில் ஒன்று ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகம். அதில் ஒரு டீச்சர், கரோலின், எமிலி என்ற இரண்டு பெண்களுக்குச் சோதனை செய்து காட்டிப் பாடம் சொல்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே புத்தகத்தில் பெண்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நாம் ஏன் பின்னாடி நிற்க வேண்டும்?

"ஆபத்தும்மா" என்பார்கள். வீட்டுக் கரண்டு 230 வோல்ட், உயிரை எடுத்துவிடும். அதில் யாருமே சோதனை செய்யக் கூடாது. ஆனால் 1.5 வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது. ரொம்ப நேரம் வைத்தால் கம்பி சுடும், பேட்டரி தீரும், அவ்வளவுதான்.

தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் ஈரக்கையோடு கிரைண்டர் சுவிட்சைப் போடுவது யார்? அம்மாவும் நாமும்தானே! ஈரக்கையில் கரண்டு சுலபமாகப் பாயும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின் எதற்கு? கிரைண்டர் உடம்பில் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோக. இது தெரிந்தவள் பிளக் இல்லாமல் இரண்டு ஒயரை மட்டும் ஓட்டையில் சொருகி, தீக்குச்சி வைக்க மாட்டாள். அம்மாவையும் வைக்க விடமாட்டாள்.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு பேருக்கு ஒரு ஆணி, ஒரு பேட்டரி கொடுங்கள். ஒரு தடவை பையன்கள், அடுத்த தடவை நாங்கள். பாடம் முடிக்க நேரமில்லை என்றால், ஒரே ஒரு பீரியடு போதும். ஒப்பித்துப் படிக்கும் நேரம் அதில் மிச்சமாகும்.

பையன்களே, கோபிக்காதீங்க. நீங்களும் கொஞ்சம் நோட்டு எழுதிப் பழகுங்க!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி