சொற்குற்றமா, பொருட்குற்றமா?

வகுப்பில் யாராவது ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டினால், “வந்துட்டாருப்பா நக்கீரரு!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘பெடன்ட்ரி’ என்று ஒரு சொல் உண்டு. தேவையில்லாத இடத்தில் சின்னச் சின்ன விதிகளைப் பிடித்துக்கொண்டு தன் படிப்பைக் காட்டிக்கொள்வதே அது.

ஆனால், எல்லாத் திருத்தமும் பெடன்ட்ரி ஆகிவிடுமா? அந்தப் பட்டம் நக்கீரருக்கே பொருந்துமா?

திருவிளையாடல் கதையை நினைத்துப் பாருங்கள். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற கருத்தைத்தான் நக்கீரர் மறுத்தார். அவர் கண்டது பொருட்குற்றம், சொற்குற்றம் அன்று. இந்த இரண்டையும் நம் மரபு பிரித்தே பார்த்திருக்கிறது. அறிவியல் படிக்கும் நமக்கும் அந்தப் பிரிவு மிகவும் பயன்படும்.

ஜொகூர் பாரு சந்தையில் உங்கள் அம்மா, “வெங்காயம் ரெண்டு கிலோ எடை போடுங்க” என்கிறார். “அம்மா, கிலோகிராம் பொருண்மையின் அலகு, எடைக்கு நியூட்டன்” என்று நீங்கள் குறுக்கிட்டால் அது பெடன்ட்ரி. நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும், பைக்குள் விழும் வெங்காயம் கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை.

இயற்பியல் தேர்வில் கதை வேறு. 50 கிலோகிராம் பொருண்மை உள்ளவரின் எடை பூமியில் ஏறக்குறைய 490 நியூட்டன். நிலவில் சுமார் 81 நியூட்டன்தான். பொருண்மையோ இரண்டு இடத்திலும் 50 கிலோகிராமே. இங்கே சொல் மாறினால் விடையே தவறாகிவிடும்.

விடை மட்டுமா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் எரிபொருள் ஏறக்குறைய 0.8 கிலோகிராம். கணக்கிட்டவர்களோ 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது பவுண்டுக்கான எண்! தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரில் தரையிறக்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

“இது கிலோவா, பவுண்டா?” என்று அங்கே ஒருவர் விடாமல் கேட்டிருந்தால், அவரை நக்கீரர் என்று கேலி செய்திருப்போமா?

ஆகவே, பிறரைத் திருத்துமுன் உங்களையே கேளுங்கள்: இதனால் விடையோ, முடிவோ, செய்யப்போகும் வேலையோ மாறுமா? மாறும் என்றால், எதிரில் நிற்பவர் ஆசிரியரே ஆனாலும் பணிவாகச் சொல்லுங்கள். மாறாது என்றால் விட்டுவிடுங்கள்.

பின்வரிசை நண்பர்களே, கேலி செய்யுமுன் நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஒருமுறை கேலிக்கு ஆளான மாணவர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். அன்றைக்குப் பலகையில் இருப்பது பொருட்குற்றமாக இருந்தால், வகுப்பே அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும்.