குஞ்சு மீனுக்கும் பத்தியம் உண்டு!

உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன் இருக்கிறதா? அப்படியானால் ஒரு நாள் காலையில், "அம்மா! மீன் குட்டி போட்டிருக்கு!" என்று குழந்தைகள் கூச்சல் போடப் போவது நிச்சயம். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பிரசவம்!

முதல் காரியமாகத் தாயையும் சேயையும் பிரித்துவிடுங்கள். தன் குஞ்சென்று தாய்க்குத் தெரியாது, விழுங்கிவிடும். அதனிடமிருந்து தப்பிய குஞ்சுகள் நம்முடைய அன்பினால் சாகாமலிருக்க வேண்டுமே! அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, உஷ்ணம். மீனுக்கு நம்மைப்போல் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீரின் உஷ்ணமே அதன் உஷ்ணம். 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை அதற்குச் சுகம். அதற்குக் கீழே இறங்க இறங்க ஜீரணம் மந்தமாகும், குஞ்சு வளராது. 'வெயிலில் வைத்துவிட்டால் போயிற்று' என்கிறீர்களா? அதுவும் ஆபத்து! 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராண வாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூட்டில் மீனுக்கு அதிகப் பிராண வாயு தேவை. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்னவாகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுதும் வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து வைத்து, பிறகு விடுங்கள். குளோரின் போய்விடும், தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கும் வந்துவிடும்.

மற்றொன்று, தீனி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளி எடுத்து, மெல்லிய துணியில் முடிந்து, தண்ணீரில் பிசைந்து விடலாம். இதைவிட உயர்ந்தது ஆர்ட்டீமியா முட்டை. அலங்கார மீன்களுக்குப் பெயர்போன சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உப்புக் கரைத்த தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு வைத்தால், ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். உயிருள்ள ஆகாரம்!

எதுவானாலும் நாளுக்கு மூன்று, நான்கு வேளை. ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். மிஞ்சியது அழுகினால் அம்மோனியா உண்டாகும். குஞ்சுகளுக்கு அது விஷம். கோடையில் அழுகல் இன்னும் சீக்கிரம். குளிர் நாளிலோ ஜீரணம் மந்தம். ஆகவே தீனியைக் குறையுங்கள். பசியால் சாகும் குஞ்சைவிட, மிச்சத் தீனியால் சாகும் குஞ்சே வீடுகளில் அதிகம் என்றால் மிகையில்லை.

பெருகிப் போன குஞ்சுகளைக் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த சிறு மீன்களின் பிழைப்பை அவை கெடுத்துவிடும். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். கூடவே ஓர் உஷ்ணமானியும் வாங்கச் சொல்லுங்கள்!