இரும்பை ஊமையாக்கும் செவிகள்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகமும் வராகன் என்னும் பழம் பொற்காசும் பெயர் பெற்றது ஒரே பன்றியிடமிருந்து. நிலத்தை மீட்ட பன்றி அது. இன்றைய மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்களோ காசை மட்டும் மீட்க விரும்புகிறார்கள்.

அவர்களது ஒலியமைப்பே இதற்குச் சான்று. புதைபொருளின் மின்கடத்துதிறனைக் கருவி சுருதியாக மாற்றுகிறது: இரும்புக்குத் தாழ்ந்த ஒலி, வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த ஒலி. பலர் முதலில் அடைப்பது இரும்பின் ஒலியை. அடுத்து ஹெட்ஃபோன் பற்றிய விவாதம். கருவியை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசினால், கம்பியில்லா ஹெட்ஃபோனின் 0.2 விநாடித் தாமதம் 20 செ.மீ. பிழையாகும் என்று துல்லியமாகக் கணக்கிடுகிறார்கள். இத்துல்லியம் பாராட்டத்தக்கதே. ஆனால் எது ஒலி, எது இரைச்சல் என்று வகுத்தது யார்?

சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஹெட்ஃபோன் இரைச்சலென ஒதுக்கும் உலோகமே அங்கு வரலாறாயிற்று. அக்காலத்தைக் கணிக்க உதவியவை உடன் கிடந்த கரியும் மட்பாண்டமும். அவற்றுக்கு எக்கருவியிலும் ஒலியில்லை. சுருதி கேட்ட இடத்தில் குழி தோண்டுவோர் சிதைப்பது இந்த ஊமைச் சான்றுகளையே.

2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் மழைநீர்க் குழி வெட்டிய வேலையுறுதித் திட்டப் பெண்கள், கிடைத்த பொன்மணிகளையும் வெள்ளிக்காசுகளையும் மறைக்காமல் அதிகாரிகளுக்குத் தெரிவித்தனர். 1968ஆம் ஆண்டின் கேரளப் புதையல் சட்டம் எதிர்பார்ப்பதும் அதுவே. அவர்கள் காதில் ஹெட்ஃபோன் இல்லை. நிலத்துக்குச் செவிகொடுப்பது எப்படி என்பதை ஆர்வலர்கள் அப்பெண்களிடம் கற்கட்டும்.