தொலைநோக்கி அப்புறம், முதலில் கார்த்திகை

விண்மீன் கொத்து, நெபுலா என்று ஆழ்வானத்தைப் படம் பிடிக்க ஆசை வந்ததும் காலேஜ் பசங்க முதலில் செய்வது விலை விசாரிப்பது. தொலைநோக்கி, வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர், அதற்கொரு கனமான ஸ்டாண்டு... எல்லாம் இ.எம்.ஐ.யில்! பாதிப் பேர் வீட்டில் அது அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது. பி.காம் படிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இதற்குப் பெயர் தேய்மானம் :-)

திருத்தணியில் இருப்பவருக்கு ஆரம்பத்தில் இந்தச் செலவு தேவையே இல்லை. ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர்., 50 மி.மீ. லென்ஸ், ஆடாத டிரைபாடு போதும். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் செகண்ட் ஹேண்ட் கேமரா மலிவாகவே கிடைக்கிறது.

எதை எடுப்பது? கார்த்திகையைத்தான். முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்று ஊரே சொல்லும் அந்தச் சின்னக் கொத்து சுமார் 440 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் அதை வானத்தில் தேடிப் பார்த்திருப்பார்கள்? (ஆடியில் அது உதிப்பதே நள்ளிரவுக்கு மேல். கிருத்திகை அன்று பக்கத்திலேயே நிலாவும் நிற்கும். கார்த்திகை மாதமோ மழை மேகம். தை அமாவாசையை ஒட்டிய ராத்திரிகள்தான் சரி, எட்டு மணிவாக்கில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்.)

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், ஹைட்ரஜன் வாயு வீசும் ஆழ்ந்த சிவப்பைப் பெரும்பாலும் வெட்டிவிடும். கார்த்திகையைச் சுற்றி இருப்பது நீலம், நட்சத்திர வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறுவது. ஃபில்டர் அதை விட்டுவிடும்.

பூமி சுழல்வதால் ஐந்து விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் மெல்லக் கோடாக இழுபடும். சரி, ஐந்து விநாடியே போதும். ஐ.எஸ்.ஓ. 1600, ரா ஃபைல், ஃபோகஸ் கையால். அதே மாதிரி 200 படம். பிறகு மூடியைப் போட்டு இருபது படம், சென்சாரின் கோளாறைக் கழிக்க. டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் அடுக்கிவிடும். 100 படத்தைச் சராசரி செய்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். கொத்து படத்தில் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் நல்ல இருட்டில் எடுத்திருந்தால் நீலப்புகை லேசாக எட்டிப்பார்க்கும்.

டிராக்கர் இருந்தால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். திருத்தணியில் அது அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரிதான், குன்றோ தூசிப்படலமோ மறைத்துவிடும். புதுசாக வருபவர் அங்கேயே நொந்துபோவார். இதே தாழ்ந்த அட்சரேகையால் ஒரு லாபமும் இருக்கிறது. தென்வானம் நன்றாகத் தெரியும், ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். லண்டன்காரர் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத ஒமேகா செண்டாரி கொத்து, சித்திரை ராத்திரியில் இங்கே தெற்கே 30 டிகிரி உயரத்துக்கு வரும்.

காசு செலவழிக்கணும்னா பஸ்ஸுக்குச் செலவழிக்கலாம். மலைமேல் விளக்கு வெளிச்சம், கிழக்கே சென்னையின் வெளிச்சம். மேற்கே சோளிங்கர் பக்கம் தெரிந்தவர் வயல் இருந்தால் உத்தமம், துணைக்கு ஒரு ஆளோடு. ராத்திரியில் டார்ச் அடித்து "யாருப்பா அங்க?" என்று கேட்பவர்களுக்குக் கேமரா திரையைக் காட்டினால் போதும், அவர்களே ஆறா ஏழா என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். டார்ச்சை மட்டும் அணைக்கச் சொல்லணும்!